‘காவலாளி’ என்ற சொல் போதுமா?

புற்றுநோய் பற்றிய கட்டுரைகளில் பி-53 என்ற புரதத்துக்கு ‘மரபணுத் தொகுதியின் காவலாளி’ என்ற பட்டம் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. 1992-இல் ‘நேச்சர்’ இதழில் தாம் எழுதிய சிறு கட்டுரைக்கு இதைத் தலைப்பாக இட்டவர் டேவிட் லேன். 1979-இல் இப்புரதத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். கதிர்வீச்சால் டி.என்.ஏ. சிதைந்தால் உயிரணுவில் பி-53 பெருகுகிறது. உயிரணுப் பிரிவு நிற்கிறது. பழுது நீங்க அவகாசம் கிடைக்கிறது. இதைச் சொல்ல அன்று அது நல்ல உவமைதான்.

ஆனால், இந்தக் காவலாளி எப்படிக் காக்கிறான்? மாணவர் கேட்கவேண்டிய இக்கேள்வியை உவமை மறைத்துவிடுகிறது. பி-53 ஒரு படியெடுப்புக் காரணி. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசைகளைப் பற்றிக்கொண்டு, அருகிலுள்ள மரபணுக்கள் படியெடுக்கப்படும் வேகத்தைக் கூட்டுகிறது. பி-21 என்பது அத்தகைய மரபணு. அதன் புரதமே பிரிவைத் தூண்டும் நொதிகளை அடக்குகிறது. திருடனைப் பிடிப்பது பி-53 அன்று. உத்தரவு எழுதுவதே அதன் தொழில்.

மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் பி-53 மரபணு பழுதுபட்டுள்ளது. பழுதுகளில் பெரும்பாலானவை டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியிலேயே உள்ளன. மேலும், நான்கு மூலக்கூறுகள் சேர்ந்தே டி.என்.ஏ.வைப் பற்றுகின்றன. பாதி நல்லவை, பாதி பழுதானவை எனக் கொள்வோம். அவை தற்செயலாகக் கூடினால், நான்கும் நல்லவையாக அமையும் வாய்ப்பு 16-இல் 1 மட்டுமே! காவலர் நால்வரில் ஒருவர் உறங்கினால் மூவர் விழித்திருப்பர். இங்கே ஒன்று கெட்டால் நான்கும் கெடக்கூடும். தொடக்க ஆய்வுகளில் கையாண்ட பி-53 மரபணுக்கள் பழுதானவை என்பதால், 1989 வரை இதையே புற்றைத் தூண்டுவது என்று எண்ணியிருந்தனர். காவலாளி பத்தாண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்ற கதை இது.

‘அப்படியானால் காவலாளிகளைக் கூட்டினால் என்ன?’ என்று உவமையை நம்பியவர் கேட்பார். பி-53, தன்னைச் சிதைக்கும் எம்.டி.எம்-2 என்ற புரதத்தின் மரபணுவையும் தானே தூண்டுகிறது. மின்சுற்றுகளில் நாம் காணும் எதிர்ப் பின்னூட்டம் இதுவே. எம்.டி.எம்-2 இல்லாத சுண்டெலிகள் கருவிலேயே மடிந்தன; பி-53-ஐயும் நீக்கியபோது பிழைத்தன. 1995-இல் வெளியான முடிவு இது.

பிரிவை நிறுத்துவதே காவல் என்ற விளக்கமும் முழுமையன்று. பி-21-ஐயும், உயிரணுவை மாய்க்கும் பூமா, நோக்சா ஆகியவற்றையும் சேர்த்து நீக்கிய சுண்டெலிகளுக்கு, பி-53 இல்லாதவற்றைப் போல் இளமையில் புற்று வரவில்லை என 2013-இல் கண்டனர். பி-53 தூண்டும் வேறு மரபணுக்களும் புற்றைத் தடுக்கின்றன என்று கொள்ளவேண்டியுள்ளது.