யுங் போகாத திருவண்ணாமலை

ஆழ்மன உளவியலையும் பயணத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் கருத்தரங்குகளுக்கு மேற்கில் நல்ல செல்வாக்கு. பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. ஐம்பது, அறுபது வயதைத் தொட்டவர்கள் ஒரு வாரம், பத்து நாள் என்று கூடிப் போகிறார்கள். காலையில் உரை. பிற்பகலில் ஏரிக்கரையோ பழைய கோயிலோ. மாலையில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கண்ட கனவைப் பேசுவது. கியூஸ்நாக்டில் உளவியலாளர் கார்ல் யுங் வாழ்ந்த வீடு, 1923இல் அவர் கட்டத் தொடங்கிய போலிங்கன் கோபுரம், 1933இல் எரானோஸ் என்ற அறிஞர் கூட்டங்கள் தொடங்கிய அஸ்கோனா, நோயாளிகள் நலம் தரும் கனவுக்காகப் படுத்துறங்கிய கிரேக்கத்து எபிடாரஸ் எல்லாம் இவர்களுக்குத் தலங்கள். எகிப்தும் இந்தியாவும் பட்டியலில் உண்டு. இவற்றை ஆதரிப்போர் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: வெளியே போவதே உள்ளே போவதற்காகத்தான். இந்த நியாயம் தவறு என்று பல ஆண்டுகளாக நினைத்துவருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஏன் கல்லூரி இல்லை என்று யுங் கேட்ட கேள்வி இன்றும் செல்லும். அவர் தம் கருத்தரங்குகளை நடத்திய விதமும் மதிக்கத்தக்கது. நீட்சேயின் ஜரதுஷ்ட்ரா என்ற ஒரே நூலை 1934 முதல் 1939 வரை வாரந்தோறும் கூட்டம் கூட்டிப் படித்தார். அவ்வளவு நிதானமாகப் படிக்க இன்று எங்கே இடமிருக்கிறது? வளர்ந்த மனிதர்கள் கூச்சமில்லாமல் கனவைச் சொல்ல ஓர் இடம் கிடைப்பதும் சின்ன விஷயமல்ல. கருத்தரங்கு அறைக்குள் நடப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. அறையிலிருந்து எழுந்து இன்னொருவர் ஊருக்குள் கால் வைக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

கோளாறு யுங்கிடமே இருந்தது. தன் மனத்தில் கிடப்பதைப் பிறர்மேல் ஏற்றிப் பார்க்காதே, ஏற்றியதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று எச்சரித்தவர் அவர். அவருடைய உளவியலில் நான் மிகவும் மதிப்பது இந்த எச்சரிக்கையைத்தான். பயணங்களில் அதை அவரே கடைப்பிடிக்கவில்லை.

1925 ஜனவரியில் நியூ மெக்சிகோவின் தாவோஸ் புவெப்லோவுக்குப் போனார். ஒச்வியாய் பியானோ என்பவர் அங்கே அவரோடு பேசினார். அமெரிக்கர்கள் எங்கள் சமயத்தை அழிக்கப் பார்க்கிறார்கள். சூரியன் வானத்தைக் கடக்க நாங்கள் துணை நிற்கிறோம். நாங்கள் நிறுத்தினால் பத்தாண்டில் சூரியன் எழாது என்றார். யுங் இதை மதிப்போடு பதிவுசெய்தார். பதிவுசெய்துவிட்டு, இம்மக்களின் வாழ்வுக்கு அண்டப் பொருள் இருக்கிறது, ஐரோப்பியராகிய நமக்கு அது இல்லை என்ற முடிவுக்கு நகர்ந்துவிட்டார். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு புகாரும் இருந்தது. அவர்கள் புனிதமாகக் கருதிய நீல ஏரியை 1906இல் அரசு எடுத்துக் காப்புக்காட்டோடு சேர்த்திருந்தது. 1923இல் அமெரிக்க அரசின் செவ்விந்தியர் விவகார ஆணையர் அவர்களுடைய ஆட்டங்களையும் சடங்குகளையும் குறைக்கச் சொல்லி நெருக்கினார். ஏரியும் சுற்றியிருந்த 48,000 ஏக்கரும் திரும்பக் கைக்கு வந்தது 1970 டிசம்பரில். அறுபத்து நான்கு ஆண்டு வழக்காடிய ஒரு சமூகத்தின் குரலிலிருந்து யுங் எடுத்துக்கொண்டது ஒரு தொன்மத்தை.

அதே ஆண்டின் கடைசியில் கென்யாவுக்குப் போனார். எல்கன் மலையடிவாரத்தில் கிழவரான ஒரு பூசாரி கண்ணீரோடு அவரிடம் சொன்னார்: வெள்ளைக்காரர் வந்தபின் எங்களுக்குக் கனவு வருவதில்லை, இப்போது ஆங்கிலேயருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று. இதைவிடக் கூர்மையாக ஒரு காலனி ஆட்சியை யார் சொல்லிவிட முடியும்? வயது முதிர்ந்தபின் சொன்ன நினைவுகளில் அந்தப் பயணத்தைப் பற்றி யுங் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: அது ஆப்பிரிக்கரை அறியும் ஆய்வாக இருக்கவில்லை, ஆப்பிரிக்காவில் தனக்கு என்ன ஆகிறது என்ற சொந்தக் கேள்வியாகவே இருந்தது. நேர்மையான வாக்குமூலம். இன்றைய பயணக் கருத்தரங்குகள் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதில்லை. அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கின்றன. வந்த இடத்தை அறிய வேண்டியதில்லை, அது உன்னுள் எதை எழுப்பியது என்று கவனித்தால் போதும் என்பது இப்போது ஒரு பயிற்சி முறையாகவே ஆகிவிட்டது.

நான் பார்த்த நிகழ்ச்சி நிரல்களில் மேடை ஏறுபவர் வெளியூரிலிருந்து கூடவே வந்த பகுப்பாய்வாளர். உள்ளூர்க்காரர் வண்டி ஓட்டுகிறார், சோறு போடுகிறார், வழி காட்டுகிறார். மாலை வட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. அந்த வட்டத்தில் சொல்லப்படும் எதுவும் தவறாக முடியாது. எனக்கு இப்படித் தோன்றியது என்றால் அதற்கு மறுப்பே இல்லை. கோயில் தாயின் கருவறை, ஆறு நனவிலி, எதிரே வந்த கிழவர் ஞானக் கிழவரின் தொல்படிமம். அந்தக் கிழவருக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கூட மலைக்குக் கட்டுப்படுகிறார்: செருப்பைக் கழற்றுகிறார், பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார். சாதாரணச் சுற்றுலாப் பயணியே இவர்களைவிட மேல் என்பேன். பார்த்தது எனக்குப் புரியவில்லை என்று அவரால் சொல்ல முடிகிறது.

யுங்கின் இந்தியப் பயணம்தான் இந்த முறையின் உச்சம். கல்கத்தாவில் நடந்த அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவை ஒட்டி 1937 கடைசியில் யுங் இங்கே வந்தார். லத்தீனில் எழுதப்பட்ட ரசவாதத் தொகுதி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, பயணத்தின்போதே முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தார். கல்கத்தாவில் சீதபேதி வந்து பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். வெளியே வந்தபின் கண்ட கனவில் வந்தது ஐரோப்பாவின் புனிதக் கிண்ணம். உன் வேலை இந்தியாவில் இல்லை என்று அந்தக் கனவு தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

தென்னிந்தியாவுக்கு வந்தும் அவர் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. அங்கே வாழ்ந்த ரமணரைப் பற்றி இந்தியவியலாளர் ஹைன்ரிஹ் ஸிம்மர் எழுதிய நூல் 1944இல் வெளியானபோது அதற்கு முன்னுரை எழுதிய யுங், காரணத்தையும் சொன்னார்: இத்தகைய ஞானி இந்தியாவில் எங்கும் காணக் கிடைக்கும் ஒரு வகை, ஆகவே நேரில் போய்ப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. வகைக்குப் பிறந்த ஊர் கிடையாது, தாய்மொழி கிடையாது. ரமணர் திருச்சுழியில் 1879இல் பிறந்தவர். 1896இல் அண்ணாமலைக்கு வந்து, 1950இல் மறையும்வரை அந்த மலையைவிட்டு அகலாதவர். தமிழில் ‘உள்ளது நாற்பது’ எழுதியவர். விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கியவர். இவரைப் போல இன்னொருவர் எங்கே காணக் கிடைத்தார்?

யுங்குக்கு ஒரு வாய்ப்பு மட்டும் தானாக வந்தது. திருவனந்தபுரத்தில் ரமணரின் அடியவர் ஒருவரைச் சந்தித்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர் நிலையிலிருந்த, பெரிய குடும்பத்தைத் தாங்கிய எளிய மனிதர். உலகத்தை விடாமலே ஞானத்தைப் பற்றியதால் குருவையே மிஞ்சியவர் இவர் என்று அந்த முன்னுரையில் மனம் திறந்து பாராட்டினார். அந்தப் பாராட்டில் அவருடைய பெயர் இல்லை.