ஒரு தொப்பிக்கு 178 படங்கள்

பொழுதுபோக்குக்காக கேம் செய்கிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம். கோட் எழுதியாயிற்று. எதிரி துரத்துகிறான், கதவு திறக்கிறது, உயிர் குறைகிறது. நாயகன் மட்டும் இன்னும் ஒரு சிவப்புச் சதுரம். வரையத் தெரியாது, வரையச் சொல்லக் காசும் கிடையாது. அப்போதுதான் இலவசப் படத் தொகுப்புகளின் பக்கம் போகிறோம். "சும்மா கிடைக்குதா, எடுத்துக்கலாமா?" என்பதோடு அவற்றைப் பற்றிய நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அவற்றைக் கலையாக எதிரே நிறுத்தி, எது நல்லா இருக்கு, ஏன் நல்லா இருக்கு என்று பேசுகிறவர்கள் குறைவு. ஒரு படத்தை எந்த நிபந்தனையோடு கொடுக்கிறோம் என்பது அதன் அழகையே மாற்றிவிடுகிறது என்பது என் தரப்பு. மூன்று தொகுப்புகளை அருகருகே வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

கொஞ்சம் பின்கதை வேண்டும். 1997 இறுதியில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டின் மூல நிரலை வெளியிட்டது. 1999இல் அது ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பகிரலாம். ஆனால் படங்களும் ஒலிகளும் நிறுவனத்திடமே இருந்தன. அடுப்பு ஊருக்குப் பொது, அரிசி மட்டும் தனியார் சொத்து என்கிற மாதிரி. அந்த இடத்தை நிரப்பப் பிறந்ததுதான் ஃப்ரீடூம். அரக்கர்கள், துப்பாக்கிகள், சுவர்கள் என எல்லாவற்றையும் பல பேர் சேர்ந்து புதிதாக உருவாக்கினார்கள். நிரலில் முகம் தெரியாத ஒருவர் வந்து பிழையைத் திருத்திவிட்டுப் போனால், விளையாடுகிறவருக்கு அது யார் கை என்று தெரியப்போவதில்லை. படத்தில் அப்படி ஒளிய முடியாது. பத்துப் பேர் வரைந்தால் பத்துக் கையும் தெரியும். இலவசக் கலையின் உண்மையான சிக்கல் இந்தக் கைகளைச் சேர்ப்பதில்தான் இருக்கிறது.

முதல் தொகுப்பு கிளிட்ச் விளையாட்டினுடையது. டைனி ஸ்பெக் நிறுவனம் 2011இல் வெளியிட்ட இணைய விளையாட்டு அது. பன்றியைத் தடவிக்கொடுத்து ஒரு கடி கடிக்கலாம், பட்டாம்பூச்சியிடம் பால் கறக்கலாம். அப்படி ஒரு உலகம். 2012 டிசம்பரில் மூடப்பட்டது. அதே நிறுவனம் பிறகு ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியால் பெரிய ஆளானது தனிக்கதை. 2013 நவம்பரில் கிளிட்சின் ஆயிரக்கணக்கான படங்களை அது சிசி0 என்ற அறிவிப்போடு வெளியே விட்டது. பெயர் போட வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், விற்றுக்கூடக் கொள்ளலாம். இதைவிடத் தாராளமாக யாரும் கொடுக்க முடியாது.

படங்கள் அபாரம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம், ஒவ்வொரு பாறைக்கும் ஒரு மூஞ்சி. அதுவேதான் பிரச்சினையும். கிளிட்சின் மரத்தை நம் விளையாட்டில் நட்டால், பக்கத்தில் இருக்கும் எல்லாம் வாடகைக்கு வந்தது மாதிரி ஆகிவிடுகிறது. அந்த மரத்துக்கு ஒத்த ஒரு வேலியை நாமே வரையலாம் என்றால், வரைந்தவர்களின் முறை நமக்குக் கைமாறவில்லை. இலெவன், சில்ட்ரன் ஆஃப் ஊர் என்று இந்தப் படங்களை வைத்து எழுந்த முயற்சிகள், மூடிய அதே விளையாட்டை மறுபடி கட்ட முயன்றவை என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். சட்டம் எங்கே வேண்டுமானாலும் போ என்றது. ஓவியம் பழைய வீட்டுக்கே இழுத்தது.

இரண்டாவது, நெதர்லாந்தைச் சேர்ந்த கென்னியின் தொகுப்பு. இதுவும் சிசி0. பல்லாயிரக்கணக்கான படங்கள், முப்பரிமாண உருவங்கள், பொத்தான்கள், ஒலிகள். தட்டையான நிறம், மழுங்கிய முனை, அதிகம் பேசாத முகம். கிளிட்ச் சிற்பம் என்றால் இது செங்கல். எதை எதோடு வைத்தாலும் இடிக்காது. இந்த அடக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் விளையாட்டைச் செய்து முடித்த எத்தனையோ பேர் இந்தச் செங்கலில்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டி முடித்த பிறகு அது எந்த ஊர் வீடு என்று சொல்ல முடிவதில்லை. எதோடும் சண்டை போடாத படம் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 2012இல் கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, மொசில்லா, ஓப்பன்கேம்ஆர்ட் சேர்ந்து லிபரேட்டட் பிக்சல் கப் என்ற போட்டியை நடத்தின. சுருக்கமாக எல்பிசி. ஜூனில் படம் வரைய வேண்டும், ஜூலையில் அந்தப் படங்களை வைத்து விளையாட்டு எழுத வேண்டும். போட்டிக்கு முன்பே ஒரு பாணிக் கையேடும் அடிப்படைப் படங்களும் வெளியாகிவிட்டன. தரைக்கட்டம் 32 பிக்சல், மனித உருவத்தின் சட்டகம் 64 பிக்சல், பார்வைக்கோணம் இது என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தது. கிளிட்ச் கொடுக்காமல் விட்ட முறையை இவர்கள் முதலில் கொடுத்தார்கள். படங்களுக்கு சிசி பை-எஸ்ஏ 3.0, ஜிபிஎல் 3 என்று இரட்டை உரிமம். சுருக்கமாகச் சொன்னால், வரைந்தவரை மறைக்காதே. நீ மாற்றியதை வெளியிட்டால் அதையும் இதே மாதிரி கொடு.

இந்த உலகத்தில் ஒரு மனிதனுக்குத் தொப்பி வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரம் போட 7 ஃபிரேம், ஈட்டி குத்த 8, நடக்க 9, வாள் வீச 6, அம்பு எய்ய 13. ஒவ்வொன்றும் நான்கு திசைக்கு. விழுந்து சாக மட்டும் ஒரே திசையில் 6. கூட்டினால் 178. எவரோ ஒருவர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து, அதே தொப்பியைத் தலை அசைகிற அசைவுக்கெல்லாம் 178 தடவை பொருத்தியிருக்கிறார். அப்படிச் செய்வதால் அந்தத் தொப்பி, அதற்கு முன்னால் யாரோ வரைந்த தாடிக்கும், பின்னால் இன்னொருவர் வரையப்போகிற கவசத்துக்கும் ஒத்துப்போகிறது. முகம் பார்த்திராத பேர் சேர்ந்து ஒரே உடம்பை உடுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

அடுத்து கிரெடிட்ஸ். எல்பிசி உருவங்களைக் கலந்து தருகிற கருவி, கூடவே ஒரு பெயர்ப்பட்டியலையும் தருகிறது. ஒரே தலைமுடிக்கு நாலைந்து பெயர் வரும். ஒருவர் முதலில் வரைந்தார், இன்னொருவர் வேறொரு உடலுக்குப் பொருத்தினார், மூன்றாமவர் நிறம் மாற்றினார். அதை நான் கொடிவழி மாதிரி வாசிக்கிறேன். இந்த முடி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அது சொல்கிறது. சிசி0 உலகத்தில் இப்படி எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. எழுத வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் பெயர்தான் முதலில் உதிரும்.

எதிர்வாதங்கள் வலுவானவைதான். பை-எஸ்ஏ படத்தைப் போட்டால் என் நிரலையும் திறக்க வேண்டுமா என்ற பயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. பெறுகிறவரின் உரிமையைப் பூட்டும் தொழில்நுட்பத்தை இந்த உரிமம் அனுமதிப்பதில்லை என்பதால், பூட்டு போட்டு விற்கும் செயலிக்கடைகளில் சிக்கல் வரலாம். அந்த ஒரு விதியை நீக்கத்தான் ஓப்பன்கேம்ஆர்ட் ஓஜிஏ-பை என்று தனி உரிமமே எழுதியது. எல்பிசி விளையாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு என்பதும் உண்மை. ஆனால் கென்னியின் ஒருமை ஒரு தனிமனிதரின் கையிலிருந்து வருவது. எல்பிசியின் ஒருமை வட்டார வழக்கு மாதிரி, பேசிப் பேசி உருவானது. வழக்குமொழியில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையையா எழுதுகிறார்கள்?

தமிழில் நாம் 'கட்டற்ற' என்ற சொல்லை வைத்திருக்கிறோம். விலை இல்லாததை இலவசம் என்றும் சுதந்திரமானதைக் கட்டற்றது என்றும் பிரிக்க அது உதவுகிறது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்றுதான் அழைத்துக்கொள்கிறது. ஆனால் அதன் உரிமமும் இதே பெயர் சொல்லிப் பகிரும் வகைதான். கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு கட்டு இருக்கிறது. எல்பிசியை உயிரோடு வைத்திருப்பதும் அந்தக் கட்டுதான். முழுசாக அவிழ்த்துவிட்ட இரண்டு தொகுப்புகளில் ஒன்று அழகான இடிபாடாக நின்றது, இன்னொன்று செங்கல் சூளையாகப் பயன்பட்டது. லேசாகக் கட்டியதுதான் ஊராக வளர்ந்தது.

அதனால் உங்கள் சிவப்புச் சதுரத்துக்கு உருவம் தேடும்போது, உரிமத்தைப் படத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தாகத் தாண்டிப் போகாதீர்கள். விளையாட்டின் கடைசித் திரையில் பெயர்கள் ஓடும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அந்தத் தொப்பிக்காரரின் பெயர் படிக்கிற அளவுக்காவது.