கூண்டுக்கு வெளியே இருக்கும் சான்று

நிக்கோட்டின் ஆவிக்கு எலிகளை அடிமையாக்கி, பிறகு அதை நிறுத்திப் பார்க்கும் ஆய்வுகளைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "பிள்ளைகளுக்கா நிக்கோட்டின் கொடுத்துப் பார்க்க முடியும்? அதற்குத்தானே எலி." நியாயமாகத் தெரியும் இந்த வாதத்தில் பாதிதான் சரி.

சரியான பாதியை ஒப்புக்கொள்வோம். நிக்கோட்டின் மூளையின் எந்த ஏற்பிகளைப் பற்றுகிறது, அது கிடைக்காதபோது ஹபெனுலா என்ற சிறு பகுதி என்ன செய்கிறது என்பதெல்லாம் எலியும் சுண்டெலியும் தந்த அறிவு. பழக்கத்தை விட உதவும் வரெனிக்கிளின் மாத்திரையும் அந்த அறிவில் பிறந்ததே. 2020இல் ஒலிவியே ஜார்ஜின் ஆய்வுக்குழு, எலிகள் தாமே ஆவியை வரவழைத்து இழுக்கும் முறையை வெளியிட்டது. இரத்தக்குழாயில் ஊசி ஏற்றிய பழைய முறையைவிட இது மேல்.

என் மறுப்பு, நிக்கோட்டினை விடும்போது வரும் அவதியை இத்தகைய ஆய்வுகள் அளக்கும் விதத்தைப் பற்றியது. பல ஆய்வுகளில் மெக்கமிலமின் என்ற மருந்தைச் செலுத்தி ஏற்பிகளை அடைத்துவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் எலி உடலை உதறும், பல்லை நறநறக்கும், இமை தொங்கும். அவற்றை எண்ணிக் கூட்டினால் அதுவே அவதியின் அளவு. வேறு ஆய்வுகளில் ஆவியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். எப்படியானாலும் நிறுத்துபவர் ஆய்வாளர்தான். விடுவதென்று எலி முடிவெடுப்பதும் இல்லை, அந்த முடிவில் தோற்பதும் இல்லை. மனித உடலில் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் நிக்கோட்டின், எலியில் 45 நிமிடத்திலும் சுண்டெலியில் 6, 7 நிமிடத்திலும் குறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கை வைத்து ஒரு மாணவன் எத்தனை நாள் தவிப்பான் என்று எப்படிச் சொல்வது?

மலேசியாவின் பந்திங்கில் வேப் எனும் மின்சிகரெட்டை விட நினைக்கும் மாணவனுக்கு வகுப்பில் மனம் நிலைக்காது. வீட்டில் எரிந்து விழுவான். இரவில் தூக்கம் வராது. பள்ளி விட்டதும் அதே கூட்டாளிகள், அதே மாம்பழ வாசம். கூட்டாளியும் சுவையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எலி ஆய்வே சொல்லியிருக்கிறது. தனியாக இருக்கையில் நிக்கோட்டினோடு வரும் சுவையை வெறுத்து ஒதுக்கிய இளம் எலிகள், அதே சுவையை நக்கும் துணை எலி அருகில் இருந்தபோது அதை நாடியதை ஹாவ் சென் குழுவினர் 2011இல் காட்டினார்கள். அதன் பிறகும் எலியைத் தனியே ஆவிப்பெட்டியில் அடைத்து அவதியை அளப்பது, அவதியின் பெரும்பங்கை வெளியே விட்டுவிட்டு அளப்பதாகும்.

பிள்ளைகளுக்கு நிக்கோட்டின் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்தாயிற்று. நம் மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி 13 முதல் 17 வயதினரில் மின்சிகரெட் இழுப்போர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு. திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது 2023 ஏப்ரலில். 18 வயதுக்குட்பட்டோருக்கு வேப் விற்பதைத் தடுக்கும் சட்டம் 852 நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபரில். அந்த 18 மாத இடைவெளியில் பழகிய பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் விடுவதற்கு உதவிக்கொண்டே அவர்கள் படும் பாட்டைக் குறித்துவைப்பதில் என்ன நெறிமீறல்?

இது முடியும் என்பதற்கு 2025இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வே சான்று. வேப்பை விட விரும்பிய 16 முதல் 25 வயதுள்ள 261 பேர் அதில் சேர்ந்தார்கள். ஆலோசனையோடு வரெனிக்கிளின் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர் 9 முதல் 12ஆம் வாரம் வரை வேப்பைத் தொடவில்லை. வெற்று மாத்திரையும் ஆலோசனையும் பெற்றவர்களில் 14 விழுக்காட்டினரே விட்டார்கள். எலி எத்தனை முறை பல்லை நறநறத்தது என்று ஆயுள் முழுக்க எண்ணினாலும் இந்த விடை வந்திராது.

மூளையின் இயக்கத்தை அறிய எலி உதவும். விடுபவரின் அவதியை அறிய அது உதவவில்லை, இனியும் உதவாது. சுகாதார அமைச்சும் பல்கலைக்கழகங்களும் இடைநிலைப்பள்ளிகளுக்கு வரட்டும். வேப்பை விட முயலும் மாணவர்களைத் தண்டனை பயமில்லாமல், பெயர் வெளியே தெரியாமல், மாதக்கணக்கில் உடனிருந்து கவனிக்கட்டும். பந்திங் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்திலேயே தொடங்கலாம்.