பாட்டனின் பத்திரத்தை வாசிக்க யார் கற்றுத் தருவது?

தமிழ்நாட்டில் இன்று கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது. தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் ஊர் ஊராக இயங்கும் வரலாற்று ஆர்வலர் குழுக்களும் பயிற்சி முகாம்கள் நடத்துகின்றன. பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், விவசாயிகள், மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வந்து உட்கார்ந்து வட்டெழுத்தையும் கிரந்தத்தையும் எழுதிப் பழகுகிறார்கள். கோயில் சுவரில் மைப்படி எடுக்கிறார்கள். புதருக்குள் கிடந்த எத்தனையோ நடுகற்கள் இப்படிக் கற்றவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டன. அறிஞர்கள் கைக்குள் இருந்த ஒரு திறமையை ஊருக்குள் கொண்டுவந்த இந்த வகுப்புகள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோழர் காலத்து நிவந்தத்தை வரிவரியாக வாசிக்கிறவர், தன் பாட்டனார் 1930இல் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்தால் இரண்டாம் வரியில் நின்றுவிடுகிறார். அரசன் கொடுத்த நிலத்தின் எல்லை தெரிகிறது. பாட்டன் பிரித்துக்கொடுத்த நிலத்தின் நான்கெல்லையைச் சொல்லும் செக்குபந்தி தெரியவில்லை. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இங்கே ஆவணம் குறைவில்லை. அதை வாசிக்கக் கற்றுத்தருகிற இடம்தான் இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்து தொடங்குவோம். சென்னை மாகாணத்தில் 1860களிலேயே பத்திரப் பதிவு முறையாகத் தொடங்கிவிட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்திலும் உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும் ஏறும். முதல் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்வழி, மற்றொன்று சொத்துவழி. இணையத்தில் வில்லங்கச் சான்று பார்க்கிறவர்கள் சர்வே எண்ணைத் தட்டித் தேடுகிறார்கள். வீடு வாங்குகிறவருக்கு அது போதும். தாத்தா நிலத்தின் சர்வே எண்ணே தெரியாத பேரனுக்கு வேண்டியது பெயர்வழி அட்டவணை. முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்று சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. உயில் எழுதியவர் காலமான பிறகு அதன் நகலையும் எவரும் கேட்கலாம். இந்த ஒரு பிரிவைத் தெரிந்துகொண்டு அலுவலகத்துக்குப் போவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தெரியாமல் போகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்.

அடுத்தது வருவாய்த் துறை. ‘அ’ பதிவேடு, செட்டில்மெண்ட் பதிவேடு, அதற்கும் முந்தைய நில அளவையான பைமாஷ் கணக்கு என்று அடுக்கடுக்காக இருக்கின்றன. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் குடும்ப வரலாற்றுக்குப் புதையல். ஒரு மானியத்தை முதலில் பெற்றவர் யார், கமிஷன் விசாரித்த நாளில் அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்றெல்லாம் அவற்றில் காணலாம். எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்தில் இத்தகைய தொகுதிகள் ஏராளம். அங்கே போய் உட்காருகிறவர்களில் ஆய்வு மாணவர்களும் வழக்குக்கு நகல் கேட்பவர்களும்தான் அதிகம். சொந்தக் குடும்பத்தைத் தேடுகிறவர் தன் நோக்கத்தைச் சொல்லவே கூச்சப்படுகிறார். அது ஆராய்ச்சியாகாது என்ற எண்ணம் அவருக்கே இருக்கிறது.

ஆவணம் கைக்கு வந்தபின் வாசிப்புச் சிக்கல் தொடங்கும். பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். எகர ஏகார வேறுபாட்டை இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். தொகையும் பரப்பும் தமிழ் எண்ணில், மாவும் காணியும் முந்திரியுமாக இருக்கும். ௵, ௴, ௳, ௸ என்ற குறிகளைக் கண்டு மலைக்காமல் வருடம், மாதம், நாள், மேற்படி என்று வாசிக்கத் தெரிய வேண்டும். காலக்கணக்கு இன்னொரு முடிச்சு. வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்; பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. வெறும் ‘பிரமோதூத வருஷம்’ என்று இருந்தால் அது 1930ஆகவும் இருக்கலாம், 1870ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுற்றின் தொல்லை இது.

ஓலை ஜாதகத்தில் இந்தச் சிக்கலை அவிழ்க்க ஓர் அழகான வழி உண்டு. வியாழனும் சனியும் அறுபது ஆண்டில் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்பிவிடுவதால் அவற்றால் பயன் குறைவு. ராகு ஒரு சுற்று வர ஏறத்தாழ பதினெட்டரை ஆண்டு ஆவதால், அறுபது ஆண்டு தள்ளிப் பார்த்தால் அது இரண்டு மூன்று ராசி விலகி நிற்கும். ராகு நின்ற ராசியை வைத்தே கொள்ளுத்தாத்தா பிறந்தது எந்தச் சுற்றில் என்று சொல்லிவிடலாம். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்த வானியல் உதவும். ஒரு மதிய நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய இந்தச் சங்கதி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

வெளிநாட்டில் இதை வேறுவிதமாக நடத்துகிறார்கள். லண்டனில் 1911இல் தொடங்கிய மரபுவழி ஆய்வோர் சங்கம் இன்றும் வகுப்பு நடத்துகிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1894இல் ஒரு சமயச் சபையின் முயற்சியால் உருவான அமைப்பு உலகின் மிகப் பெரிய குடும்ப வரலாற்று நூலகமாக வளர்ந்திருக்கிறது. அங்கெல்லாம் பழைய கையெழுத்து வாசிப்பது முதல் பாடம். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு ஆவணத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேட்கப் பழக்குகிறார்கள்: தகவல் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார். நமக்கு இந்தப் பழக்கம் உடனடித் தேவை. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி எத்தனையோ பேருக்குத் தலைமையாசிரியர் சேர்க்கைக்கு ஏற்றபடி குத்துமதிப்பாகப் போட்டது. நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் அண்ணன் பெயர் ஏறித் தம்பி பெயர் விடுபட்ட பட்டாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பட்டாவை மட்டும் பார்த்துத் ‘தாத்தாவுக்கு உடன்பிறந்தவர் இல்லை’ என்று எழுதினால் ஒரு கிளையே வெட்டுப்பட்டுப் போகும்.

ஆனால் அந்த வகுப்புகளை அப்படியே இறக்குமதி செய்துவிட்டால் போதாது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்று பதிவேடுகள்மேல் அவர்கள் மரம் வரைகிறார்கள். நம்மிடம் தேவாலயப் பதிவேடு வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத்தான் அந்த முறை நேராகப் பொருந்தும். நாடு முழுமைக்கும் ஒரே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969இல். அதற்கு முன் மாகாணச் சட்டப்படி பதிவு நடந்தாலும் அது பல ஊர்களில் அரைகுறை. நம் குடும்பங்கள் வேறு இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு ஒரு பங்காளிக் கூட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கு. நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் திருமணத்தின்போது பதியப்படும் புள்ளிக் கணக்கு அதைவிட ஒழுங்கானது. நான் மிக உயர்வாக மதிப்பது மொய் நோட்டை. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்பட்ட அந்த நோட்டில், பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும் தானாக விரிகின்றன. முப்பது ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு மொய் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த ஊர் உறவு அறுந்தது, எது புதிதாக முளைத்தது என்பது தெரியும். வீடு இடிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இந்த நோட்டுதான்.

இனி இந்தத் தேடலின் ஆழமான குறைக்கு வருகிறேன். பத்திரமும் பட்டாவும் நிலம் உள்ளவனின் சரித்திரம். நிலமில்லாதவர் அதில் வருவதில்லை. வந்தாலும் பெயரில்லாமல் வருகிறார். பெண்கள் வருவது கணவர் இறந்தபின். ‘மைனர்களுக்குத் தாயும் கார்டியனுமான’ என்ற அடைமொழியோடு ஒரு விதவை கடனுக்காக நிலத்தை விற்கும் பத்திரத்தில்தான் பல கொள்ளுப்பாட்டிகளின் பெயர் முதல்முறையாகவும் கடைசிமுறையாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பத்திரத்தை நிலத்துக்காக வாசிக்கிறவர் அவள் பெயரைத் தாண்டிப் போய்விடுவார். கோயில் பணிக்கான தேவதாசி மானியங்கள் சிலவற்றில் மட்டும் பெண்வழி வாரிசுகள் தெளிவாக வருகிறார்கள். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் பழைய இழிவுக்கு அஞ்சி அந்தப் பக்கமே போகாமல் இருப்பது வருத்தமான உண்மை. இதைப் பேசத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் மட்டும் போதாது.

நிலமில்லாதவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றி ஊரில் இல்லாத விவரம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதினார்கள். மொரீஷியஸில் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய பதிவுகளோடு புகைப்படங்களும் இருக்கின்றன. அந்தச் சந்ததியினர் இன்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஆற்காட்டுப் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் வருகிறார்கள். ஆங்கில எழுத்தர் காதால் கேட்டு எழுதிய கிராமப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அந்தப் பெயரைப் பல்வேறு விதமாகச் சொல்லிப் பார்த்து, ‘இது ஏரிக்கு அந்தாண்ட இருந்த பழைய சேரி’ என்று அடையாளம் காட்டக்கூடியவர் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர்தான். உள்ளூர் வகுப்பு ஒன்று இருந்தால் இந்த வேலையைத்தான் முதலில் அது கையில் எடுக்க வேண்டும் என்பேன். கூலியாகப் போனவரின் பேத்திக்கு ஊரைக் காட்டுவது, மிராசுதாரின் பேரனுக்கு இன்னொரு தலைமுறையைக் கூட்டிக் கொடுப்பதைவிட அவசரமானது.

வகுப்பு இல்லாத வெற்றிடத்தைச் சாதிப் பெருமை நூல்கள் நிரப்புகின்றன. சாதிச் சங்க மாநாட்டில் விற்கும் புத்தகத்தில் எல்லோரும் ஆண்ட பரம்பரை. ஒரு மன்னன் பெயர், ஒரு படையெடுப்பு, ஓர் இடப்பெயர்ச்சி, பிறகு நேராக இன்றைய தலைவர். இடையில் உழுதவர், கடன்பட்டவர், ஊர்விட்டு ஓடியவர் யாரும் இல்லை. இது புதிதும் இல்லை. காலின் மெக்கன்சி 1821இல் இறப்பதற்கு முன் சேகரித்த பாளையக்காரர் வம்சாவளிகள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. உரிமை பறிபோகும் காலத்தில் தங்கள் பாத்தியத்தை நிலைநாட்ட எழுதப்பட்டவை அவற்றில் பல. அந்தத் தேவையை மனத்தில் வைத்து வாசித்தால் அவை அருமையான சான்றுகள். அப்படியே நம்பினால் வழி தவறும். முறையாகப் பத்திரம் வாசிக்கக் கற்றவர் தன் பாட்டன் அடமானம் வைத்ததையும் வாய்தா கேட்டதையும் பார்ப்பார். ஆண்ட பரம்பரைக் கதை அவரிடம் எளிதாக எடுபடாது. இந்த வகுப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. பழைய பத்திரத்தைப் பற்றி விசாரித்தாலே ‘பங்கு கேட்க வந்துவிட்டான்’ என்று சொந்தக்காரர் கதவைச் சாத்துவார். கிராம நிர்வாக அலுவலரும் யோசிப்பார். இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது, பல வழக்குகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. தனியாளாகப் போவதைவிட நூலகத்தின் பெயரில், ஊரார் பலர் சேர்ந்து படிக்கும் வகுப்பின் பகுதியாகப் போனால் அந்த அச்சம் பெருமளவு குறையும். தத்து எடுத்தது, இரண்டாம் தாரம், மதம் மாறியது போன்றவை வெளிப்படும்போது உயிரோடு இருப்பவர் மனம் புண்படாமல் எதை எழுதுவது, எதை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்பதையும் அங்கேயே பேசித் தீர்க்கலாம்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. கிளை நூலகங்கள் சிற்றூர்வரை உள்ளன. ஆசிரியர்களும் இருக்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் தேட வேண்டியதில்லை. பத்திர எழுத்தர்கள், ஓய்வுபெற்ற சர்வேயர்கள், பழைய கிராமக் கணக்கர்களான கர்ணங்கள். இவர்களில் கர்ணங்களின் நிலைதான் கவலைக்குரியது. பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. சாதி வழி அதிகாரத்தை முடித்துவைத்த அந்த முடிவு சரியானது. கூடவே, பைமாஷ் கணக்கையும் கூட்டெழுத்தையும் தகப்பனிடம் கற்று அன்றாடம் எழுதியவர்களின் வரிசையும் அத்தோடு முடிந்தது. அன்று இருபத்தைந்து வயதில் கணக்கு எழுதியவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர்களுக்கு ஓர் ஊதியம் கொடுத்து, சனிக்கிழமைதோறும் கிளை நூலகத்தில் உட்காரவைத்து, வருகிறவர் கொண்டுவரும் பத்திரத்தை உரக்க வாசிக்கச் செய்து, அதை ஒலிப்பதிவு செய்துகொண்டால் முதல் பாடநூல் அதிலிருந்தே உருவாகும். இதற்கு ஆகும் செலவு ஒரு கல்வெட்டு முகாமின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். மாவட்ட நூலக ஆணைக்குழு ஒன்று முன்வந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம்.