வாசல் கிறில்

அமெரிக்காவில் வீட்டுக் காவலுக்கென்று மனைவியின் கைக்கு அடக்கமான ரிவோல்வரைத் தேடுவோர் உண்டு. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. கொழும்பில் நாங்கள் நம்பியிருப்பது இரும்புக் கிறிலையும் ஆமைப்பூட்டையும்தான்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் மரக்கதவுக்கு முன்னால் நிற்கும் அந்தக் கம்பிக் கதவு எனக்கு மிகவும் பிடிக்கும். மரக்கதவைத் திறந்து, வந்தவர் முகம் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, பிறகு முடிவெடுக்கலாம். அந்த அவகாசத்தைத் துப்பாக்கி தராது. கடற்காற்றில் கிறில் கறள் பிடிக்கும். சுரண்டி, ரெட் ஒக்சைட் பூசி, அதன்மேல் பெயின்ற் அடிக்கவேண்டும். கொண்டிக்கு எண்ணெய் விட்டால், வீட்டில் தனியே இருப்பவரின் கைக்கு இலகுவாய் ஓடும். தீப்பிடித்தால் உள்ளிருந்து உடனே திறக்கவேண்டுமே! அதனால் திறப்பு எப்போதும் கதவருகே, வெளியிலிருந்து கை எட்டாத ஆணியில் தொங்கவேண்டும்.

1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வாக்காளர் பட்டியலோடு கும்பல்கள் வந்தபோது இரும்பு போதவில்லை. பலரை ஒளித்துவைத்துக் காத்தவர்கள் சிங்கள, முஸ்லிம் அயலவர்கள். அதனால், கொட்டாஞ்சேனையில் வீடு எடுக்கும் இளம் தம்பதியர் மாற்றுத் திறப்பொன்றை நம்பிக்கையான அயல்வீட்டில் கொடுத்துவைக்கவேண்டும் என்றே சொல்வேன்.