படிக்கத் தெரிந்த வழிகாட்டி

டொரொண்டோவில் இருக்கிற பள்ளித்தோழன் ஒருவன் போன மாதம் எனக்கு ஒரு எக்ஸெல் கோப்பு அனுப்பினான். அல்கோன்குயின் காட்டுக்குள் நான்கு பேர், இரண்டு கேனோ, ஐந்து நாள். கேனோ என்றால் நம் பரிசல் மாதிரி வட்டமாக இல்லாமல் நீண்டு ஒடுங்கிய துடுப்புப் படகு. "நீ வரப்போறதில்ல, தெரியும். சும்மா படிச்சுப் பாரு, எதாவது விட்டுட்டமான்னு சொல்லு" என்று கூடவே ஒரு குரல்பதிவு. வில்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், காயப்போட்ட மலைப்பூண்டுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன்.

நல்ல கோப்பு அது. முதல் பக்கத்தில் பாதை. எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்கு, நடுவில் படகைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்து நடக்க வேண்டிய காட்டுத்தடம் எத்தனை மீட்டர். இரண்டாம் பக்கத்தில் சாப்பாடு. அந்தக் காட்டின் உள்பகுதிக்குள் டின்னும் பாட்டிலும் கொண்டுபோகத் தடை என்பதால் ஊறுகாய் பிளாஸ்டிக் பைக்கு மாறியிருந்தது. இட்லிப்பொடி 400 கிராம். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டு மூட்டையை மரத்தில் தொங்கவிடக் கயிறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே எடை, அதற்கும் அடுத்து ‘யார் சுமப்பது’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயணக்கட்டுரைகள் நிறைய படிக்கிறவன் நான். அவற்றில் இந்தக் கட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை. மலை இருக்கும், மூடுபனி இருக்கும், எழுதுகிறவரின் மனம் இருக்கும். மூட்டை தானாகவே நடந்து வந்திருக்கும்.

இந்தக் கோப்பு எனக்கு ஹென்றி டேவிட் தோரோவின் ‘தி மெய்ன் உட்ஸ்’ புத்தகத்தை நினைவூட்டியது. நம் ஊரில் தோரோ என்றால் காந்தி படித்த கட்டுரை, வால்டன் குளக்கரைக் குடிசை, அவ்வளவுதான். அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் காடுகளுக்கு அவர் மூன்று முறை போனார். மூன்றாவது பயணம் 1857 ஜூலையில். இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மரப்பட்டையில் செய்த ஒரே கேனோவில் மூன்று பேர். தோரோ, அவருடைய கான்கார்ட் ஊர் நண்பர் எட்வர்ட் ஹோர், பெனாப்ஸ்காட் பழங்குடியைச் சேர்ந்த ஜோ போலிஸ். அவர் செத்து இரண்டு வருடம் கழித்து, 1864இல் புத்தகம் வந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. பன்னிரண்டு நாள் காட்டுப்பயணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று.

ரொட்டி 28 பவுண்ட். உப்பிட்ட பன்றிக்கறி 16. சர்க்கரை 12. தேயிலை ஒரு பவுண்ட், இல்லாவிட்டால் காப்பி மூன்று. எலுமிச்சை ஆறு. பன்றிக்கறியின் திகட்டலையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் சரிக்கட்டத்தான் எலுமிச்சை என்று காரணமும் எழுதியிருப்பார். மாற்றுக்கு வேண்டுமானால் கொஞ்சம் அரிசி. ஆறு எலுமிச்சைக்குக் காரணம் சொல்கிற ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று. வால்டனில் உபதேசம் செய்கிறவர் இங்கே மளிகைக்கடைக்குப் போகிறவராக இருக்கிறார். தோரோவின் நல்ல உரைநடையில் இந்தப் பட்டியலையும் சேர்ப்பேன்.

ஆனால் பட்டியலின் கடைசிக்கு வந்தால் சாமான்களின் மொத்தச் செலவு 24 டாலர் என்று சொன்ன கையோடு, இன்னொரு விலையும் வருகிறது. ஓர் இந்தியனை நாளுக்கு ஒன்றரை டாலருக்கு அமர்த்தலாம். அவன் படகுக்கு வாரத்துக்கு அரை டாலர் கூடப் போட்டுக்கொள்ளலாம்.

புத்தகத்தின் உள்ளே அந்த ஒன்றரை டாலருக்கு ஒரு முகம் இருக்கிறது. போலிஸ் முதலில் இரண்டு டாலர் கேட்டார், பேரம் பேசி ஒன்றரைக்கு இறங்கினார். ஓல்டு டவுனுக்கு எதிரே உள்ள தீவில் அவருக்கு மாடிவீடு இருந்தது. தன் மக்களின் பிரதிநிதியாக வாஷிங்டன் வரை போய்வந்தவர். ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்ய அவருக்கு மனசில்லை. ராத்திரி மண்டியிட்டு வாய்விட்டு ஜெபம் செய்கிறார். சத்திரத்தில் ஒரு குடிகாரர் புகைக்குழாய் இரவல் கேட்டபோது தன்னிடம் இல்லவே இல்லை என்று சாதிக்கிறார். காலையில்தான் அவர் புகையிலையோடு அதை எடுத்துவைத்ததைத் தோரோ பார்த்திருக்கிறார். ஓரிடத்தில், ஏறக்குறைய எண்பது பவுண்ட் எடையுள்ள படகைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு, சட்டிபானை தூக்கிய தோரோவுடன் காட்டுப்பாதையில் ஓட்டப்பந்தயம் விடுகிறார். கிளம்பும்போது இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: தனக்குத் தெரிந்ததையெல்லாம் தோரோ அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தோரோவுக்குச் சொல்ல வேண்டும். தோரோ என்ன சொல்லிக்கொடுத்தார் என்று புத்தகத்தில் பெரிதாகத் தடயமில்லை. போலிஸ் சொன்னது பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஹோர் காணாமல்போகும் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். கிட்டப்பார்வைக்காரர். கரையோடு நடந்துவந்தவர் பாறைக்காட்டில் தொலைந்துபோகிறார். இருட்டுகிறது. தோரோ பதறுகிறார், ராத்திரியே தேட வேண்டும் என்கிறார். இருட்டில் ஒன்றும் செய்ய முடியாது என்று போலிஸ் நிறுத்திவிடுகிறார். மறுநாள் காலை ஆள் கிடைத்துவிடுகிறார். காடு பற்றித் தத்துவமாக எவ்வளவோ எழுதிய மனிதர் அந்த ஒரு ராத்திரியில் வெறும் பயந்த சிநேகிதனாக இருக்கிறார். அதை மறைக்காமலும் எழுதுகிறார்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் தோரோ அதைப் பிரசுரிக்கவில்லை. 1858 ஜனவரியில் ‘அட்லாண்டிக்’ பத்திரிகையின் ஆசிரியர் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெலுக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார். தன் வழிகாட்டியின் பேச்சையும் செய்கையையும் அப்படியே எழுதியிருப்பதாகவும், கதையில் சுவாரசியமானதே அதுதான் என்றும், ஆனால் அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியும், செய்தித்தாள் வாங்குகிறார், அதற்கப்புறம் அவர் முகத்தில் முழிக்க முடியாது என்றும். அந்தப் பகுதிக்குப் பதிலாக 1853இல் போன பயணத்தைப் பற்றிய கட்டுரையைக் கொடுத்தார். அது அந்த வருடமே வெளிவந்தது. 1857 பயணம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

இந்தக் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அரசாங்கத்துக்கு வரி கட்டாமல் சிறைக்குப் போனவர் ஒரு படகோட்டிக்குப் பயப்படுகிறார். பிறகு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா கொஞ்ச வருடம் வழிகாட்டியாகப் போய்க்கொண்டிருந்தார். வில்பட்டியிலிருந்து பழனிப் பக்கம் ஓடையோடு இறங்கும் பழைய நடைத்தடம். இப்போது அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. சென்னை, பெங்களூர்ப் பையன்கள் வருவார்கள். அப்பா இடுப்பில் அரிவாள், மடியில் அட்டைக்கு உப்புப் பொட்டலம், தோளில் அவர்களுடைய பை. அப்படி வந்த ஒருவர் பிறகு ஒரு பயணக்கட்டுரை எழுதினார். எங்கே, யார் என்பது வேண்டாம், நன்றாக எழுதுகிறவர்தான். அதில் அப்பா ‘மண்ணின் மணம் வீசும் முதியவர்’. அப்போது அவருக்கு 48 வயது. கட்டுரையில் மூன்று இடத்தில் மௌனமாகப் புன்னகைக்கிறார். ஓரிடத்தில் மரத்தைத் தடவிக்கொடுக்கிறார்.

நான் கல்லூரியில் இருந்தேன். பெருமையாக அச்சிட்டு எடுத்துவந்து கொடுத்தேன். அப்பா தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படிக்கிற ஆள். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசும் படித்தார்.

"நான் எங்கடா சிரிச்சேன்? அந்தாளு ஷூ அடி பிஞ்சுபோச்சு. நாரு உரிச்சுக் கட்டி, அஞ்சு மைல் நடக்க வச்சேன். அத எழுதலையே."

மடித்துக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். தோரோ பயந்தது இந்தக் கணத்துக்குத்தான். அந்தக் கட்டுரையாளர் பயப்படவில்லை, ஏனென்றால் அப்பா படிப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பயணத்தில் கூட வருகிறவர் நம் வாசகரும்தான் என்ற எண்ணம் வந்துவிட்டால் ‘மௌனப் புன்னகை’யை எழுதக் கை வராது. ஷூவைக் கட்டிய நாரைத்தான் எழுதியாக வேண்டும்.

அதற்காகத் தோரோவை மேலே தூக்கிவைக்கவும் மாட்டேன். அவர் போலிஸைப் பெயர் சொல்லி எழுதுவது குறைவு. பெரும்பாலும் ‘அந்த இந்தியன்’தான். ஹோருக்கும் பெயர் கிடையாது, ‘என் தோழர்’ என்றுதான் வருகிறார், உண்மை. ஆனால் இரண்டும் ஒன்றா? ஹோரின் பெயரை மறைப்பது ஊர்க்காரருக்குக் காட்டுகிற மரியாதை. போலிஸின் பெயரை விடுவது அவரை ஓர் இனத்தின் மாதிரியாக்குவது. பேச்சிலும் அப்படியே. தோரோ முழு வாக்கியத்தில் பேசுகிறார், போலிஸின் ஆங்கிலம் உடைந்த உடைசலோடு அச்சாகிறது. நமக்கு இது புதுசில்லை. நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் எழுதுகிறவர் எழுத்துத்தமிழில் யோசிப்பார், மலைக்காரர் பேச்சுத்தமிழில் பதில் சொல்வார். மேலே இரண்டு பத்தி முன்னால் நானும் அதையேதான் செய்திருக்கிறேன். நான் அப்பாவிடம் பேசுவது மட்டும் செந்தமிழா என்ன?

தோரோ குடிசைக்குக் குடிபோன அதே 1845இல்தான், பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மிஷனின் மதுரைப் பாதிரிமார்கள் கோடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பாஸ்டனிலிருந்து தோரோவின் ஊர் முப்பது கிலோமீட்டர்தான். அந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள் காட்டைத் தேடி வடக்கே போனபோது படகைத் தலையில் தூக்கினார்கள். இங்கே வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் பாதையில் தோளில் தூக்கிவந்தார்கள். மோட்டார் சாலை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அந்தப் பாதைக்குப் பெயரே ‘கூலி காட்’. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுதிய குறிப்புகள் கிடைக்கின்றன. தூக்கியவர்கள் எழுதியது எதையும் நான் பார்த்ததில்லை.

தமிழில் நதிப்பயணம் என்றால் எல்லோரும் சொல்வது ‘நடந்தாய் வாழி காவேரி’. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதி 1971இல் வந்தது. அதன் பேச்சுச் சுவைக்காகவே நான் திரும்பத் திரும்பப் படிக்கிற புத்தகம். ஆனால் அவர்கள் ஆற்றைக் கரையிலிருந்துதான் பார்க்கிறார்கள், தண்ணீரோடு போவதில்லை. குறை சொல்லவில்லை, போக முடியாது என்பதுதான் விஷயம். எங்கள் பக்கத்து ஓடைகள் வடக்கே இறங்கி, பழனியைச் சுற்றிச் சண்முகநதியாகி, அமராவதியில் விழுந்து, கரூர்ப் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்கின்றன. சின்ன வயதில் வரைபடத்தில் விரல்வைத்து வில்பட்டியிலிருந்து பூம்புகார் வரை படகு விட்டிருக்கிறேன். நிஜத்தில் விட்டால் அடிவாரத்திலேயே ஓர் அணையில் முட்டும். மிச்ச வழியில் வருஷத்தில் பாதி நாள் மணலில் இழுத்துக்கொண்டு நடக்கலாம். எரிக் நியூபி 1963 டிசம்பரில் ஹரித்வாரிலிருந்து கங்கையில் படகு இறக்கி, முதல் ஆறு நாளில் 63 தடவை தரைதட்டினார். நமக்கு அத்தனை நாள் தேவைப்படாது. இங்கே நதிப்பயணத் திட்டத்தின் முதல் வரி ‘மேட்டூர் எப்போது திறக்கும்’ என்பதாகத்தான் இருக்கும்.

வடக்குக் காடு மட்டும் கன்னிகழியாதது என்று நினைக்க வேண்டாம். 1857 பயணத்தில் அவர்கள் சேம்பர்லின் ஏரியிலிருந்து பெனாப்ஸ்காட் ஆற்றுக்குப் போன வழி மனிதன் வெட்டியது. வேறு திசைக்கு ஓட வேண்டிய அலகாஷ் ஆற்றுத் தண்ணீரை மரவியாபாரிகள் அணைகட்டி, கால்வாய் வெட்டி, தங்கள் மரக்கட்டைகளை மிதக்கவிடத் திருப்பிக்கொண்டார்கள். தோரோ அதைத் தெளிவாகவே எழுதுகிறார், அணைகளைத் திட்டவும் செய்கிறார். ஆனால் அந்தத் திருட்டுத் தண்ணீரில்தான் அவர் படகும் போயிற்று. இந்த இடத்தில் மட்டும் அவர் வழக்கமான கணக்குப்பிள்ளைத்தனத்தைக் காட்டவில்லை. பட்டியலில் எலுமிச்சைக்குக் காரணம் இருக்கிறது, தண்ணீர் யாருடையது என்று ஒரு கட்டம் இல்லை.

நண்பனுக்கு இவ்வளவும் எழுதி அனுப்பினேன். "டேய், நான் கேட்டது டார்ச் லைட் மறந்துட்டமான்னு" என்று பதில் வந்தது. டார்ச் லைட் மறந்திருக்கவில்லை. எலுமிச்சையை மறந்திருந்தார்கள், சேர்க்கச் சொன்னேன்.

அனுப்பும் முன் இந்தக் கட்டுரையை அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொண்டார். போலிஸ் புகைக்குழாய் இல்லையென்று சாதித்த இடத்தில் நிஜமாகவே சிரித்தார். ஒன்றரை டாலர் அந்தக் காலத்தில் நல்ல கூலியா என்று கேட்டார். பிறகு தாளைத் திருப்பி, ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

"உப்புன்னு போட்டிருக்க. உப்புப் பொட்டலம் வந்தவங்களுக்குக் குடுக்கறது. மழையில அது கரைஞ்சிரும். நான் பொகையிலைய ஊறவச்சுக் கால்ல தேச்சுக்குவேன். மாத்திரு."

அந்த வரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அவர் சொன்னதையும் கீழே சேர்த்துவிட்டேன்.