பெயராய்வும் நிலவுரிமையும்

வன்னி நாட்டை ஆராயப் புகுவோர் முதற்கண் நாடுவது, ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலேயாம். ஆட்சியாளர் நோக்கில் எழுந்ததாயினும் அஃதொரு தகவற் களஞ்சியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அத்தகைய நூல்களிலுள்ள ஊர்ப்பெயர்களின் வேர்ச்சொல்லை மட்டும் சான்றாகக்கொண்டு நிலத்துக்கு உரியார் இன்னாரெனத் துணிவது பொருந்தாது.

முல்லைத்தீவின் தெற்கேயுள்ள மணலாற்றை நோக்குக. 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1988இல் மணலாறு 'வெலிஓயா' ஆயிற்று. சிங்களத்தில் வெலி மணலையும் ஓயா ஆற்றையும் குறிக்கும். பெயரின் பொருள் மாறவில்லை. நிலத்தை உழுதோர் மாறினர். இவ்வேறுபாட்டை அகராதி காட்டாது. காணியுறுதியும் குளத்துப் பாசன வரலாறும் முதியோர் வாய்மொழியுமே காட்டும். இவற்றை ஒருங்குவைத்து ஆராய்தலே முறையாகும்.